இருபது அடி தள்ளி

— இல்லீங்க மிஸ், நண்பர்கள் புலம்பல்னா எட்டு வரிதான். அதுக்கு மேல பக்கம் இல்ல, பதினாறும் ரொம்பிருச்சு.

— எட்டு வரியில ஆரண்ணே அழுது முடிக்கிறது?

— அழத் தெரிஞ்சவனுக்கு நாலு வரி போதும். இந்த வெள்ளவத்தையில ஒரு ஆள் செத்தா முதல்ல ஐயருக்குப் போன் போகும், அடுத்தது இந்த வேலுசாமிக்கு. மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல்... முப்பது வருசமா இந்தப் பிரஸ்ல உக்காந்து எல்லாருக்கும் பதிலா நான்தான் அழுதுகிட்டிருக்கேன்.

— அப்ப உங்களுக்குக் கண்ணே வத்திப் போயிருக்குமே.

— கிண்டலா? சரி, வந்த விசயத்தைப் பாப்போம். உங்க ஆபீஸ் கஜீவன் தம்பி காலையில போன் பண்ணுனாரு, செத்துப்போன தயாபரன் ஐயாவோட கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஆபீஸ்ல இருந்து ஆள் வரும்னு. நீங்கதானே?

— ஓம்... நான்தான்.

— நீங்களும் கோட்டையில அந்த ஷிப்பிங் ஆபீஸா?

— அ... ஓம். அப்பிடித்தான்.

— அப்பிடித்தான்னா?

— ஐயோ அண்ணே, நீங்க பிரஸ்காரரா பொலிஸா? கல்வெட்டு அடிக்கிறதா, என்குவரி வைக்கிறதா?

— கோவிச்சுக்காதீங்க மிஸ். இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கெழம முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் புத்தகம் இருக்கணும். உங்களுக்குப் பழக்கம் இல்லையோ?

— எங்கட ஆக்களில கல்வெட்டு இல்ல. நாங்க பூசை ஒப்புக்குடுப்பம், பேப்பரில ஒரு படம் போடுவம், அவ்வளவுதான்.

— ஓ, வேதமா, சர்ச்சுக்குப் போறவங்களா. அதனால என்ன, நண்பர்களுக்குச் சமயம் கிடையாது. இந்தாங்க, உங்களுக்குன்னு ஒண்ணு ரெடியா எழுதி வச்சிருக்கேன், கேளுங்க.
'ஆலமரம் சாய்ந்ததுவோ அன்புநிழல் போனதுவோ
கோலமுகம் மறைந்ததுவோ குலவிளக்கும் அணைந்ததுவோ...'

— நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. ஆர் ஆலமரம்?

— தயாபரன் ஐயாதான்.

— அவரா! அண்ணே, அந்த மனுசன் பெல்ட்டில ஆணி வச்சு மூண்டு ஓட்டை கூட அடிச்சவர். காத்தடிச்சா நாங்கதான் ஆளைப் பிடிச்சுக்கொள்ளோணும். ஆலமரமாம்!

— உவமைங்க மிஸ். ஒல்லியா இருந்தாருங்கிறதுக்காக 'முருங்கைமரம் சாய்ந்ததுவோ'ன்னு எழுத முடியுமா? சனம் சிரிக்கும்.

— கோலமுகமாம். மீசை ஒரு பக்கம் எப்பவும் கொஞ்சம் கூட. கண்ணாடி போடாமத்தான் வெட்டுவார், சொன்னாலும் கேக்க மாட்டார்.

— ஆபீஸ்லயா மீசை வெட்டுவாரு?

— ...சொன்னவர். ஒருநாள் கதையோட கதையாச் சொன்னவர்.

— அது சரி. அடுத்த வரி, 'கடமையிலே...'

— வேண்டாம் அண்ணே. உண்மையைச் சொல்லுங்க, போன கிழமை ஆருக்கு இந்த ஆலமரத்தைச் சாய்ச்சீங்க?

— ...ஹெவ்லொக் டவுன்ல ஒரு ரிட்டயர்ட் மாஸ்டர். அதுக்கு முந்துன வாரம் ஹெந்தளையில ஒருத்தர்.

— பாத்தீங்களா! கொழும்பில இனி நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் மிச்சமில்ல.

— நல்லா வாய் பேசுறீங்க. அப்ப நீங்களே எழுதிக் கொண்டாந்திருக்கலாமே!

— கொண்டு வந்திருக்கன்.

— என்னது?

— இந்தாங்க.

— இது... கலண்டர் தாளு மிஸ்.

— பின்பக்கம் பாருங்க. நாள் நாளாக் கிழிக்கக் கிழிக்க எழுதினது. சில நாள் ஒரு வரி, சில நாள் நாலு வரி. அடுக்கித்தான் வச்சிருக்கன், கலைச்சுப் போடாதீங்க.

— குடுங்க பாப்போம்...
'ஆறு இருபதுக்கு நீ வருவாய்.
இப்பவும் ஆறு இருபது வருது.
நீ வாறதில்ல.'
...மிஸ், இதுல எதுகையும் இல்ல, மோனையும் இல்ல.

— ஆளே இல்ல. அதுகள் இருந்து என்ன செய்ய?

— அதுவும் சரிதான்... ஆனா ஆறு இருபதுக்கு எங்க வருவாரு? ஆபீஸ் அஞ்சு மணிக்கே மூடிருமே.

— ...பஸ் ஹோல்ட்டுக்கு.

— எந்த ஹோல்ட்டு?

— கொட்டாஞ்சேனை.

— அவரு வீடு இங்கன வெள்ளவத்தையில. வேலை விட்டு வீட்டுக்குப் போற மனுசன் எதுக்குங்க எதிர்ப்பக்கம் கொட்டாஞ்சேனைக்கு வரணும்?

— டைப் அடிங்க அண்ணே. கேள்வி கேக்க நேரம் இருக்கு, அடிக்க நேரம் இல்லையா?

— அடிக்கிறேன், அடிக்கிறேன்... ஒரு நிமிசம், போன். ஹலோ... ஹரி மஹத்தயா, ஹெட்ட உதே எண்ட... ஹரி, ஹரி. கலியாணக் கார்டுக்காரரு. நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டேன். ஆமா மிஸ், நம்ம தயாபரன் ஐயா கலியாணம் கட்டுனவரா இல்லையா? ஒரே ஆபீஸ், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— ...எனக்கு எப்பிடித் தெரியும்? குடும்பத்து ஆக்களைக் கேளுங்க.

— பேப்பர்ல வந்த மரண அறிவித்தல்ல மனைவின்னு யாரும் இல்ல. அதான் கேட்டேன்.

— இல்லையெண்டா இல்லைத்தானே. அடுத்த தாளைப் பாருங்க.

— 'நடுத்துண்டு மீனை...' மிஸ், இது புலம்பலா சமையல் குறிப்பா?

— முழுசா வாசிச்சுப் போட்டுக் கதைங்க.

— 'நடுத்துண்டு மீனை உன்ட சோத்துக் கோப்பையில வைப்பன்.
நீ அதை என்ட கோப்பைக்குத் தள்ளுவாய்.
இப்ப அது சட்டியிலயே கிடக்குது.
தள்ள ஆளில்ல.'
...

— என்னண்ணே, சத்தத்தைக் காணேல்ல? ஆலமரம் ஏதும் மேல விழுந்துட்டுதா?

— இல்ல... மிஷின் சூடாயிருச்சான்னு பாத்தேன்.

— மிஷின் பின்னுக்கு இருக்கு. நீங்க கூரையைப் பாக்கிறீங்க.

— மிஸ், தப்பா நெனக்காதீங்க. ஆபீஸ் கூட்டாளிங்க கேன்டீன்ல சாப்பிடுவாங்க. மீன் சட்டி வீட்டிலதான் இருக்கும்.

— ஆபீஸிலயும் சட்டி இருக்கலாம்.

— ஷிப்பிங் ஆபீஸ்லயா?

— அடுத்த தாள்!

— 'கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட நான் மெழுகுதிரி கொளுத்துவன்.
நீ வாசலில என்ட குடையோட நிப்பாய்.
போன செவ்வாய் நல்ல மழை.
குடை என்ட கையிலதான் இருந்தது.
நனைஞ்சுகொண்டு வந்தன்.'
...ஏன் விரிக்கல?

— என்ன?

— குடைய. கையில இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஏன் விரிக்கல?

— ...எனக்கு விரிச்சுப் பழக்கமில்ல அண்ணே. அவர்தான் விரிக்கிறவர்.

— எட்டு வரி எப்பவோ தாண்டிருச்சு.

— தாண்டட்டும்.

— பதினாறு பக்கமும் ரொம்பிருச்சுன்னு சொன்னேன்ல.

— ஆலமரத்தை வெட்டுங்க, இடம் வரும்.

— உங்களோட வாய் குடுத்து ஜெயிக்க முடியாது. அடுத்தது...
'ஆடிவேல் திருவிழாவுக்கு நீ முன்னால போவாய்.
நான் இருபது அடி தள்ளி வருவன்.
நீ திரும்பிப் பாக்க மாட்டாய்.
கையைப் பின்னால கட்டிக்கொண்டு
ஒரு விரலை மட்டும் ஆட்டுவாய்.'
...மிஸ்.

— ம்.

— எனக்கு வயசு அறுபத்திரெண்டு. பேரன் பேத்தி எடுத்துட்டேன். கூட்டாளின்னா கூட்டத்தில தோள்ல கையப் போட்டுக்கிட்டுப் போவான். எதுக்கு இருபது அடி தள்ளி வரணும்?

— அடுத்த தாளையும் வாசிச்சுப் போட்டுக் கேளுங்க. அதை நான் வாசிக்க மாட்டன்.

— 'உன்னைக் கிடத்தின மலர்ச்சாலையிலயும்
இருபது அடி தள்ளித்தான் நிண்டன்.
உன்ட கையை நெஞ்சில கட்டி வச்சிருந்தாங்க.
விரல் ஆடேல்ல.'
அம்மா... இருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேண்டாம். நான் அழ வரேல்ல. அழுறதெண்டா கொட்டாஞ்சேனையிலயே அழலாம், ரெண்டு பஸ் மாறி இங்க வரத் தேவையில்ல.

— சரி. டைப் அடிச்சு முடிச்சாச்சு. மேல தலைப்பு, 'நண்பர்கள் புலம்பல்'. போடவா?

— ...போடுங்க.

— கீழ, 'இவ்வண்ணம், அலுவலக நண்பர்கள்'. போடவா?

— ...ம்.

— போட்டாச்சு. ஸ்கிரீனைப் பாருங்க. பிழை இருந்தா இப்பவே சொல்லிருங்க, அடிச்ச பிறகு என்னைய ஏசக்கூடாது.

— பிழை இருக்கு.

— எங்க?

— மேல. கீழ. ரெண்டு இடமும் பிழை.

— நீங்கதானே போடச் சொன்னீங்க?

— அண்ணே, பேதுருவைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? யேசுவோட கூடவே திரிஞ்சு போட்டு, இந்த ஆளை எனக்குத் தெரியாது எண்டு சொன்னவர்.

— தெரியாம? ஹட்டன்ல எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்திலதான் சர்ச்சு. மூணு தடவ சொல்லுவாரு, சேவல் கூவும்.

— ஓம். அவர் ஒரு ராவில மூண்டு தரம் சொன்னவர். நான் பதினேழு வருசமாச் சொன்னன். ரெஜிஸ்டர் கந்தோரில ரெண்டு சாட்சி வச்சுக் கையெழுத்துப் போட்டம் அண்ணே. ஒரு சாட்சி அந்தக் கஜீவன்தான். அவர்ட அம்மா, வேதக்காரி இந்த வாசலை மிதிச்சா நஞ்சு குடிப்பன் எண்டு சொன்னவ. சரி, அம்மா இருக்குமட்டும் பொறுப்பம் எண்டார். பொறுத்தன். அம்மாவும் போயிட்டா. பிறகு, 'நேசம் அக்கா தன்ட கலியாணத்தையும் விட்டுப்போட்டு என்னை வளர்த்தவ, அவட முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்ல' எண்டார். பொங்கலுக்குச் சொல்லுவம், நத்தாருக்குச் சொல்லுவம்... ஒவ்வொரு நாளும் ஆறு இருபதுக்கு வருவார். சாப்பிடுவார், கதைப்பார், சிரிப்பார். ஒன்பது மணிக்கு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் படுக்கப் போயிடுவார்.

— உங்களுக்குக் கோவம் வரலியா?

— வராம? ஒருநாள் சேர்ட்டை வாளித் தண்ணிக்குள்ள அமத்திப் போட்டன், எப்பிடிப் போறார் பாப்பம் எண்டு. ஈரச் சேர்ட்டோட போனார் அண்ணே! மூண்டு நாள் தடிமன், ஒரே தும்மல். பிறகு நான்தான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன்.

— ஹா... மன்னிச்சுக்கங்கம்மா, சிரிப்பு வந்திருச்சு.

— சிரியுங்க, சிரியுங்க. நானும் அதை நினைச்சுத்தான் இப்ப சிரிக்கிறன். சிரிக்க ஏலாதது ஆஸ்பத்திரிதான். கடைசி நாள் போறன், வாசலில நேசம் அக்கா நிக்கிறா. நேர்ஸ் என்னைப் பாத்து, நீங்க ஆர் எண்டு கேட்டா. 'தெரிஞ்ச ஆள்' எண்டன். வாய் அப்பிடியே பழகிப் போச்சு. சொந்தக்காரர் மட்டும்தான் உள்ள போகலாம் எண்டு அனுப்பிப் போட்டா. விடியப்புறம் அவர் போயிட்டார். நான் மட்டும் அண்டைக்கு வாயைத் திறந்திருந்தா, அவர்ட கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்.

— ...இப்ப நான் என்ன செய்யணும்?

— தலைப்பை மாத்துங்க.

— என்னன்னு?

— உங்களுக்குத் தெரியும்தானே.

— எனக்கு ஒண்ணும் தெரியாது. குடுக்கிறவங்க வாயால சொல்லணும், நானா ஒரு எழுத்து மாத்த மாட்டேன். முன்னூறு வீட்டுக்குப் போற புத்தகம் இது. லண்டனுக்குப் போகுது, கனடாவுக்குப் போகுது.

— மனைவி புலம்பல்.

— மிஷின் சத்தத்தில ஒண்ணும் கேக்கல.

— மனைவி புலம்பல்!

— யாரோட மனைவி?

— தயாபரன்ட மனைவி! போதுமா? இன்னும் கத்தோணுமா? பதினேழு வருசமா விழுங்கி விழுங்கி வச்ச சத்தம், இன்னும் நிறைய இருக்கு!

— போதும் தாயி, போதும். எதிர்க்கடையில பஹ்மியா மிஸ்ஸே புடவை மடிக்கிறத விட்டுட்டு எட்டிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். அவவுக்கும் ஒரு புத்தகம் குடுங்க.

— நேசம் அக்கா வந்து சத்தம் போட்டா என்ன செய்வீங்க?

— போடட்டும். அவட தம்பி, அவ சத்தம் போடலாம். என்ட புருசன், நானும் போடுவன். ஞாயிற்றுக்கிழமை நான் வாறன் அண்ணே. நல்ல சீலை கட்டிக்கொண்டு முன்வாசலால வாறன். ஆபீஸ் ஆக்களோட பின்கதிரையில இருக்க மாட்டன். வெளிய போ எண்டா, படத்துக்கு முன்னால இருந்துகொண்டு இந்தத் தாளை வாசிச்சுப் போட்டுத்தான் போவன். அடிக்கிறீங்களா இல்லையா?

— அடிச்சாச்சு! தலைப்பு மாறிருச்சு, பாருங்க. கீழ பேரு?

— யூஜினா. இல்ல... யூஜினா தயாபரன் எண்டு போடுங்க.

— போட்டாச்சு. எவ்வளவு நல்லா உக்காந்திருக்கு பாருங்க அந்தப் பேரு.

— ...ஓமண்ணே. முதல்தரம் பாக்கிறன்.

— அது சரி, கைப்பையை ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? இன்னும் தாளு இருக்கா?

— ஒண்டு இருக்கு. இதை நண்பர்கள் தலையில போட ஏலாது எண்டு ஒளிச்சு வச்சனான். இப்பதான் என்ட தலைப்பு ஆகிட்டுதே. இந்தாங்க.

— 'ஊரில எல்லாப் பொம்பிளைகளும்
புருசன்ட குறட்டையைக் குறை சொல்லுறாங்க.
உன்ட குறட்டை எப்பிடியிருக்கும் எண்டு
எனக்குத் தெரியாது.'
...அய்யோ, அம்மா.

— என்ன, எதுகை மோனை இல்லையா?

— எதுகையாவது, மோனையாவது! முப்பது வருசம் எழுதுனதுல இப்பிடி ஒரு வரி வந்ததில்ல. என்னோட ஆலமரத்தை எல்லாம் இன்னிக்கே வெட்டி வெறகாக்கிடுறேன். ஆனா ஒண்ணு, 'எனக்குத் தெரியாது'ன்னு முடியக்கூடாது. தொழில்காரன் சொல்றேன், முடிவுக்கு ஒரு வரி வேணும்.

— எழுதுங்க, சொல்லுறன்.
'தயா, இனி நான்
ஒரு அடியும் தள்ளி நிக்க மாட்டன்.'

— ...ஒரு அடியும் தள்ளி... நிக்க மாட்டன். முடிஞ்சிருச்சு. சபாஷ்!

— சபாஷ் கிடக்கட்டும். இது முழுப் பக்கம் வருது. பதினாறும் நிரம்பிட்டுது எண்டீங்க, என்னத்தைத் தூக்கப் போறீங்க? அக்காட புலம்பலில மட்டும் கை வச்சிடாதீங்க. வளர்த்தவ, அவ அழோணும். பிறகு இதால உங்கட தொழிலுக்கு ஏதும் வந்தா, அவளாத்தான் வந்து கத்திச் செய்வித்தாள் எண்டு என்ட பேரைச் சொல்லுங்க. என்ன அண்ணே, முழுசிக்கொண்டு நிக்கிறீங்க?

— எதையும் தூக்க வேணாம்மா. பக்கம் இல்லன்னு சொன்னது பொய். பதினோராம் பக்கம் திங்கக்கெழமையில இருந்து வெறுமையாத்தான் கிடக்கு. நேசம் அக்காதான் விடச் சொன்னாங்க. 'வேலுசாமி, அதில நீ ஒரு வரியும் எழுதாதை, எழுத வேண்டிய ஆள் வரும். நீயா எடுத்துச் சொல்லவும் கூடாது, தான் ஆரெண்டு அவவே தன்ர வாயால சொல்லோணும். வராட்டி வெறும் பக்கமாவே போகட்டும்'னாங்க. உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்னு கேட்டேன். 'என்ர தம்பி பதினேழு வருசமா என்ர வீட்டில ராச்சாப்பாடு சாப்பிடேல்லை. வயிறு நிறைஞ்ச முகத்தோட வந்து படுப்பான். சமைச்சுப் போடுற கை ஒண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாதோ? ஆஸ்பத்திரி வாசலில அந்தப் பிள்ளை தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லேக்கை நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான் வேலுசாமி, அதுதான் எனக்கு இப்ப நித்திரை இல்லை'ன்னு சொல்லி அழுதாங்க. கஜீவன்கிட்ட உங்க பேரைக் கேட்டு, முதல் பக்கத்தை அவங்க கையாலயே எழுதிக் குடுத்தாங்க. அந்தத் தாள் முன்னூறும் நேத்தே அடிச்சாச்சு. இந்தாங்க, எடுத்துப் பாருங்க: 'அன்னார், காலஞ்சென்ற கனகசபை – இரத்தினம் தம்பதியரின் பாசமிகு மகனும், யூஜினாவின் அன்புக் கணவரும், நேசத்தின் ஆசைத் தம்பியும் ஆவார்.'